காய்க்காத காய்க்கு வாங்கிய முன்பணம்

தம்பி,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடைசி வரை படித்துவிட்டுத்தான் நீ கோபப்பட முடியும். உன் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. கை நிறையச் சம்பாதித்துக்கொண்டே, கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவர்களிடம் வீட்டுப் பத்திரம் கேட்கிற பிள்ளைகள் இந்த அதியமான்கோட்டையிலேயே இன்னும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் இதில் மறைக்க வேண்டியது என்று எதையும் எழுதப்போவதில்லை.

விஷயத்தை முதலில் வைத்துவிடுகிறேன். மும்பையில் நீ வேலை பார்க்கிற எண்ணெய், எரிவாயுக் கம்பெனி தன் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் பங்கு தருகிறது. வாங்கினால் மூன்று வருடம் விற்கக் கூடாது. வாங்கப் பணம் வேண்டும், பணத்துக்கு வங்கிக் கடன் வேண்டும், அந்தக் கடனுக்கு அடமானமாக நம் வீடு வேண்டும். வீடு என் பெயரில் இருக்கிறது. நான் கூட்டுறவு வங்கியில் இருந்தபோது ஊழியர் கடன் போட்டுக் கட்டியது. ஆகவே என் கையெழுத்து வேண்டும். தை மாதம் உனக்கும் கோகிலாவுக்கும் கல்யாணம். பங்குத் திட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் உனக்கு அவசரம். நான் கையெழுத்துப் போட்டால் நீ பணக்காரனாகலாம் என்பது உன் கணக்கு. போட்டால் என்னவெல்லாம் போகலாம் என்பதைப் பார்ப்பது என் வேலை. அந்த வேலையைத்தான் உன்னைப் பெறுவதற்கு முன்னாலிருந்தே வங்கியில் செய்துகொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோதே உன் முகத்தில் ஏதோ இருந்தது. கறிக்குழம்பு வைத்திருந்தேன். நீ தட்டை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாய். கம்பெனி உங்களுக்கெல்லாம் காட்டிய படங்களை எங்களுக்கும் காட்டினாய். நீலத்தில் ஒரு கம்பம் நின்றது, அது கடன். பச்சையில் ஒரு கம்பம் நின்றது, அது வருமானம்.

"கடன் வருமானத்துல ரெண்டு மடங்குதாம்மா. இந்தத் தொழில்ல மூணு வரைக்கும் யாரும் பயப்பட மாட்டாங்க" என்றாய்.

"எந்த வருஷத்து வருமானம்?" என்றேன்.

"போன வருஷம்."

"அதுக்கு முந்துன வருஷம்?"

நீ பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். முந்தைய வருடம் அந்தப் படங்களில் இல்லை. உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்து எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிற மனிதருக்கு வீட்டில் குரல் உயர்ந்தால் ஆகாது. "ஏம்மா, பெத்த பையன இன்டர்வியூவா பண்றே? வூடு நாளைக்கு யாருக்கு? அவனுக்குத்தான? போட்டுக் குடுத்துட்டு சோத்தப் போடு, ஆறிப்போவுது" என்றார்.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். கடன் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்ன வாக்கியம் அது. அதையே உன்னிடமும் சொல்லிவிட்டேன் என்பது நீ எழுந்து கை கழுவப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்பிக்கை இல்லன்னா விடும்மா" என்றாய். அது எனக்கு வலித்தது. வலித்ததைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, ஆனால் வலித்தது என்பதற்காகக் கணக்கு மாறாது.

நீ அனுப்பிய ஆண்டறிக்கையை முழுதாகப் படித்தேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, "பரிட்ச எழுதப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முதல் தடவை படித்தபோது எனக்குப் பெரிய குறையாக ஒன்றும் படவில்லை. பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தும்விட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. நீ இந்த வேலையில் சேர்ந்தபோது வேண்டாம் என்று சொன்னவள் நான். அரசுத் தேர்வு எழுது, பூமிக்கு அடியில் இருக்கிறதை நம்பி யாராவது போவார்களா என்று கேட்டேன். நீ போனாய், உயர்ந்தாய், என் கணிப்புத் தப்பாகிப்போனது. ஒரு தடவை தப்பாகச் சொன்னவளுக்கு அடுத்த தடவை 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. முதல் வாசிப்பில் எனக்கு எல்லாமே சரியாகத் தெரிந்தது அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். மறுபடி படித்தபோது யாரோ முன்பின் தெரியாதவர் கொண்டுவந்த மனு என்று நினைத்துக்கொண்டு படித்தேன்.

கடனை வருமானத்தோடு வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். வட்டி, வரி, தேய்மானம் எல்லாவற்றையும் கழிப்பதற்கு முன்னால் தொழில் ஒரு வருடத்தில் சம்பாதித்தது எவ்வளவு, அதைப்போல எத்தனை மடங்கு கடன் நிற்கிறது என்று கேட்கிறோம். நூறு ரூபாய் சம்பாதிக்கிறவனுக்கு இருநூறு ரூபாய் கடன் என்றால் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கில் கடன் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், ஆடுவதெல்லாம் வருமானம்தான். உப்பு விற்கிறவனுக்கு அது கொஞ்சம் ஆடும். எண்ணெய் எடுக்கிறவனுக்கு நிறையவே ஆடும், ஏனென்றால் தன் சரக்குக்கு விலை வைக்கிற உரிமை அவனிடம் இல்லை. எங்கேயோ சண்டை வந்தால் ஏறும், எங்கேயோ சண்டை நின்றால் இறங்கும். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் போன வருடத்து வருமானத்தை மட்டும் வைத்துக் காட்டிய படத்தை நீ நம்பினாய்.

நான் பென்னாகரம் கிளையில் இருந்தபோது ஆழ்துளைக் கிணற்றையும் நிலத்தையும் காட்டிக் கடன் கேட்டு வருவார்கள். போய்ப் பார்த்து எழுத வேண்டியது என் பொறுப்பு. "தண்ணி ரெண்டரை இன்ச்சு பாயுதுங்க மேடம்" என்பார்கள். பொய் சொல்ல மாட்டார்கள். போய்ப் பார்த்தால் குழாய் வாய் நிறையப் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். ஐப்பசியில் பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். அதனால் நான், "சித்திரையில எவ்ளோங்க வந்துச்சு?" என்று கேட்பேன். பதில் வருவதற்கு முன்னால் துண்டை எடுத்து ஒரு தரம் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தச் சித்திரைத் தண்ணீரை வைத்துத்தான் தவணை போடுவேன். எனக்கு 'கல்நெஞ்சு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். உன் கம்பெனி காட்டியது ஐப்பசி வருமானம். எண்ணெய் விலை ஏறி நின்ற வருடத்துக் கணக்கு அது. பழைய அறிக்கைகளையும் தேடி எடுத்துப் பார்த்தேன். விலை இறங்கிய வருடத்தில் அதே கிணறுகளுக்கும் அதே ஆட்களுக்கும் ஏறக்குறைய பாதி வருமானம்தான் வந்திருக்கிறது. அப்படி ஒரு வருடம் மறுபடி வந்தால், யாரும் ஒரு ரூபாய் புதுக் கடன் வாங்காமலேயே உன் இரண்டு மடங்கு நாலு மடங்காகிவிடும். ஒரு பகுதி எண்ணெயை முன்கூட்டியே விலை பேசி வைத்திருக்கிறார்கள் என்பதையும் படித்தேன். நல்ல காரியம். ஆனால் அந்தப் பேச்சு அடுத்த வருடத்தோடு முடிந்துவிடுகிறது, கடன் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடுகிறது.

அடுத்தது தேய்மானம். அது வெறும் எழுத்துக் கணக்கு, கையைவிட்டுப் போகிற பணம் இல்லை என்று உங்களுக்கு வகுப்பு எடுத்திருப்பார்கள். கட்டடத்துக்கு அது ஓரளவு பொருந்தும். கிணற்றுக்குப் பொருந்தாது. உன் அப்பாவின் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார். எண்ணூறு அடியில் இறக்கிய மோட்டாரை எடுத்துக்கொண்டு வருகிறவர், சரிசெய்த பிறகு ஆயிரத்துக்கு இறக்கப் போவதாகச் சொல்லுவார். எதற்கு? கூடுதலாக ஒரு காணி பாய்ச்சவா? இல்லை, போன வருடம் பாய்ந்த அதே தக்காளிக்குத்தான். எண்ணெய்க் கிணறும் வருடா வருடம் வற்றிக்கொண்டேதான் வரும். போன வருடம் எடுத்த அளவையே இந்த வருடமும் எடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் புதிதாகத் தோண்டியாக வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்பதற்கு ஆகிற செலவு அது. அதை நீ வருமானத்திலிருந்து கழித்துப் பார், அதற்குப் பிறகு வட்டியைக் கழி. அசலைக் கட்ட மிஞ்சுவது எவ்வளவு என்று அப்போது தெரியும். மிஞ்சுகிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல வருடத்தில் கொஞ்சம் மிஞ்சுகிறது, கெட்ட வருடத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

இவ்வளவும் இருந்தும் நான் பத்திரத்தைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. எண்ணெய்த் தொழில் என்றால் இப்படித்தான் என்று இருந்தேன். வைக்க வைத்தது அறிக்கையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரே ஒரு வரி. அதைப் புரியவைக்க உன் காரிமங்கலத்து மாமாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் என் கூடப் பிறந்த அண்ணன் என்பதால் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகிவிடுவார்.

மாமா மகள் வசந்தியின் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜில் இருந்தாய், பந்தியில் ரசம் ஊற்றி அப்புறம் யாரோ ஒருவர் வேட்டியிலும் ஊற்றினாய். மண்டபம், பாத்திரம், நகை, மாப்பிள்ளைக்கு பைக் என்று மாமா ஒன்றிலும் குறை வைக்கவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு என்னிடம் வந்து, "ஒரு பைசா கடன் இல்ல பாப்பா. எவன் வூட்டு வாசல்லயும் நிக்கல" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். எனக்கே ஆச்சரியம். அப்புறம்தான் தெரிந்தது, மாந்தோப்பின் மூன்று வருடக் காய்ப்பையும் ஒரே வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டு மொத்த முன்பணத்தையும் வாங்கியிருக்கிறார். ஒரு வருடம் பூ பொய்த்தால் இன்னொரு வருடத்தைச் சேர்த்துக்கொள்வது என்று பேச்சு. நம் பக்கத்தில் இதை யாரும் கடன் என்று சொல்ல மாட்டார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, வாசலில் வந்து கத்துகிற ஆள் கிடையாது. வங்கி மனுவில் 'வேறு கடன் உண்டா' என்று கேட்டால் இல்லை என்றுதான் எழுதுவார்கள், மனசறிந்து பொய் சொல்லவில்லை என்ற நிம்மதியோடு.

அந்த வருடம் தலை ஆடிக்கு வசந்தியையும் மாப்பிள்ளையையும் அழைத்திருந்தார்கள். நாமும் போயிருந்தோம். மற்ற மா ரகங்கள் எல்லாம் முடிந்து, கடைசியில் காய்க்கிற நீலம் மட்டும் மிச்சமிருந்த சமயம். புது மாப்பிள்ளைக்கு ஒரு கூடை பழம் கொடுத்து அனுப்பலாம் என்று உன் அத்தை கூடையும் கையுமாகத் தோப்புக்குள் போனார். வியாபாரி வைத்திருந்த காவல்காரர் எழுந்து வந்து மரியாதையாகத்தான் சொன்னார். "கோச்சுக்காதீங்கக்கா. மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பறிச்சுக்கங்க. மரத்துக்கு இவ்ளோன்னு சொல்லி வெச்சிருக்காருங்க." அத்தை வெறும் கூடையோடு திரும்பி வந்தார். நீதான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ரோட்டோரக் கடையில் பழம் வாங்கி வந்தாய். அந்தக் கடைக்காரம்மா அது எந்தத் தோப்புப் பழம் என்று சொன்னதை நீ வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாய். உன் அத்தை சிரிக்கவில்லை. அடுத்த வருடம் பூவில் மழை விழுந்தது, மூன்று வருடம் நாலு வருடம் ஆனது. நாலு வருடமும் உரம் வைத்தது மாமா, தண்ணீர் விட்டது மாமா, காயை எடுத்தது வியாபாரி. கடைசியில் ரோட்டை ஒட்டிய துண்டை விற்றுத்தான் குடும்பம் ஓடியது. இன்றைக்கும் கேட்டால், "அது கடன் இல்ல பாப்பா, குத்தகை" என்பார். வாதாடிப் பயன் இல்லை.

நான் சொன்ன அந்த வரி, 'வாடிக்கையாளரிடமிருந்து பெற்ற முன்பணம்' என்று இருந்தது. எரிவாயு வாங்குகிற ஒரு பெரிய தொழிற்சாலை, இனிமேல் எடுக்கப்போகிற எரிவாயுவுக்காக இப்போதே பணம் கொடுத்திருக்கிறது. கம்பெனி அதைக் கடன் கணக்கில் சேர்க்கவில்லை, 'மற்ற பொறுப்புகள்' என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. சட்டப்படி சரியாகத்தான் இருக்கும், நான் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார்கள் என்று தேடினேன். வங்கிக் கடனில் ஒரு பகுதியை அடைத்திருக்கிறார்கள். அதனால்தான் நீலக் கம்பம் குட்டையாகி உன் இரண்டு மடங்கு வந்தது. முன்பணத்தையும் கடனாகச் சேர்த்தால் நல்ல வருடத்திலேயே மூன்றைத் தொடுகிறது. அதோடு முடியவில்லை. வரும் வருடங்களில் அந்த எரிவாயுவைக் குழாயில் அனுப்பும்போது அது வருமானம் என்று எழுதப்படும், பச்சைக் கம்பம் உயரும், ஆனால் கைக்கு ஒரு ரூபாயும் வராது, ஏனென்றால் பணம் எப்போதோ வந்து எப்போதோ செலவாகிவிட்டது. எடுக்கிற செலவு மட்டும் கம்பெனியுடையது. கிணற்றில் அழுத்தம் குறைந்து பேசிய அளவு வராமல் போனால், வேறு கிணற்றிலிருந்து எடுத்தாவது அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் நான் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தேன்.

உன் கம்பெனி மோசடிக் கம்பெனி என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. பூமிக்கு அடியில் சரக்கு இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், அதில் நீயும் ஒருவன். நான் வங்கியில் இருந்திருந்தால் இந்த மனுவைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். கேட்டதில் பாதியை, கொஞ்சம் கூடுதல் வட்டிக்கு, கிணறுகளையே அடமானமாக வாங்கிக்கொண்டு கொடுத்திருப்பேன். எண்ணெய் விலை இப்படியே நாலு வருடம் நின்றால் நீ ஜெயிப்பாய், நான் மறுபடியும் தப்பாகச் சொன்னவள் ஆவேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் விலை எப்படி நிற்கும் என்று உனக்கும் தெரியாது, உன் முதலாளிக்கும் தெரியாது. வங்கி நட்டப்பட்டால் அதற்கு இன்னும் ஆயிரம் மனுக்கள் உண்டு. நமக்கு இருப்பது ஒரு வீடு.

நீ கிளம்பிப் போன மறுநாள் கோகிலா போன் செய்தாள். ஓசூரில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள், பின்னால் ஹாரன் சத்தம். "அத்தை, அவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க. வூட்டுப் பத்திரம்னு என்னமோ அப்பா கேள்விப்பட்டிருக்காரு. நீங்க கையெழுத்துப் போடப் போறீங்களா?" என்றாள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "போடுங்க, போடாதீங்க, அது உங்க இஷ்டங்க. ஆனா எதுன்னாலும் எனக்கு மொதல்ல சொல்லிடுங்க அத்தை. நான் இந்த வேலைய விடலாமா வேணாமான்னு அதுலதான் இருக்குது" என்றாள். எனக்கு இந்தப் பெண்ணைப் பெண் பார்க்கப் போன அன்றே பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்பது இந்தப் போன் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் கேட்டது சரியான கேள்வி. கம்பெனிக்குப் போட்ட கணக்கை உனக்கும் போட்டுப் பார்த்தால் கம்பெனியைவிட உன் நிலைமை கவலைக்கிடம். கம்பெனிக்காவது பல கிணறுகள் இருக்கின்றன. உனக்குச் சம்பளம் அந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது. வாங்கப்போகிற பங்கு அந்தக் கம்பெனியுடையது. அந்தப் பங்குக்கு வாங்குகிற கடனின் தவணையும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கோகிலா வேலையை விட்டுவிட்டு உன்னோடு மும்பை வந்துவிட்டால் வேறு வருமானமும் இல்லை. எண்ணெய் விலை விழுகிற வருடத்தில் பங்கு விழும், போனஸ் நிற்கும், ஆட்குறைப்பு வரும், எல்லாம் ஒரே மாதத்தில் வரும். அப்போதும் வங்கிக்காரன் தவணைத் தேதியை மாற்ற மாட்டான். பங்கை விற்றுக் கட்டலாம் என்றால் மூன்று வருடப் பூட்டு. வேறு எதை விற்பாய்? கடனுக்கு மேல் கடன் வாங்குவாய், அதையும் எங்களிடம் சொல்ல மாட்டாய், ஏனென்றால் நீ என் மகன்.

ஆகவே நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. கோகிலாவிடம் முதலில் சொன்னேன், அவள் கேட்டதால். வேலையை விட வேண்டாம், மும்பையில் இடம் மாற்றம் கிடைக்கும் வரை பொறு என்றும் சொன்னேன். அது உங்கள் இருவர் விஷயம், தலையிட்டது தப்பு என்றால் திட்டிக்கொள். உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் ஒரு வேளை சாப்பிடவில்லை. அடுத்த வேளை சாப்பிட்டார். "அவன் மனசு ஒடஞ்சு போயிருவான் பாரு" என்றார். உடைந்தால் ஒட்டலாம் என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதி என் பெயரில் வைப்பு நிதியாக இருக்கிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷனுக்கு என்று எடுத்துவைத்தது போக மீதியை உன் கணக்குக்கு மாற்றிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் வந்திருக்கும். நீ கேட்டதில் கால் பங்குகூட இருக்காது. அதை வைத்து எவ்வளவு பங்கு வருமோ அவ்வளவு வாங்கிக்கொள். இது கடன் இல்லை, குத்தகையும் இல்லை, திருப்பித் தர வேண்டாம், லாபத்தில் பங்கும் வேண்டாம். முழுதும் போனாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாயே, என் நம்பிக்கையின் அளவு அவ்வளவுதான் என்று வைத்துக்கொள். என்னிடம் தனியாக இருந்த பணம் மொத்தமும் அதுதான்.

நேற்றுக் காலையில் டோல்கேட்டில் வேலை பார்க்கிற ஒருவர் நம் மாடிப் போர்ஷனை வாடகைக்குக் கேட்டு வந்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார், மனைவியையும் கூட்டி வந்திருந்தார், அட்வான்ஸ் பணம்கூடச் சட்டைப் பையில் இருந்தது. நீ போனதிலிருந்து மாடி சும்மாதான் கிடக்கிறது, வாடகை வந்தால் நமக்கும் உதவும். உன் அப்பா சாவியை எடுத்துக்கொண்டு படியேறப் போனார். நான் குறுக்கே போய், "இல்லீங்க, வூட்டு ஆளுங்க வர்றாங்க" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். உன் அப்பா சாவியோடு அப்படியே நின்றார். "யாரு வர்றாங்க?" என்று கேட்டார்.

"அவனும் கோகிலாவும்" என்றேன். "அங்க வேல போச்சுன்னா எங்க வருவாங்க? வராம இருந்தா நல்லது."

அம்மா